எல்லோரும் தண்ணீர் தருவோம் என்கிறார்கள், எதை வைத்து ஒப்பிடுவது?

சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறவர் வேட்புமனுவோடு படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் கொடுக்க வேண்டும். வீட்டில் எவ்வளவு நகை, யார் பேரில் எந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம், வங்கியில் என்ன கடன், ஐந்து வருடத்தில் காட்டிய வருமானம், நிலுவையில் இருக்கும் வழக்கு, படித்த படிப்பு எல்லாம் அதில் வந்துவிடும். இந்த விவரங்களை அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002இலும் 2003இலும் தீர்ப்புச் சொன்ன பிறகு வந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊர் ஏரியைப் பற்றி அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

அதற்கு நாம் துண்டறிக்கையையும் வேன் மேலிருந்து வரும் பேச்சையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஒரே தொகுதியில் நிற்கும் மூன்று பேரின் துண்டறிக்கைகளை வரிசையாக வைத்து, சின்னத்தை மட்டும் விரலால் மறைத்துப் பாருங்கள். குடிநீர், பாதாளச் சாக்கடை, புறவழிச்சாலை, அரசு கலைக் கல்லூரி, தாலுகா ஆஸ்பத்திரியில் இரவிலும் டாக்டர். எது யாருடையது என்று சொல்லவே முடியாது. ‘குடிநீர் தர மாட்டேன்’ என்று சொல்லி ஓட்டுக் கேட்டவர் எவரும் இல்லையே.

இந்தப் பட்டியல்களை எத்தனை முறை படித்தாலும் ஒப்பிட எதுவும் கிடைக்காது என்பதுதான் என் எண்ணம். இரண்டு தரப்புக்கும் நியாயம் இருந்து, ஒரு தரப்புக்குக் கொடுத்தால் இன்னொரு தரப்பு இழக்கும் என்ற இடம் வரும்போதுதான் நிலைப்பாடு என்று ஒன்று வெளியே தெரியும். அந்த இடம் வராத வரை வேட்பாளர் சொல்வது வாழ்த்து அட்டை மாதிரி.

ரயில்வே கேட்டை எடுத்துக்கொள்வோம். கேட் மூடினால் இருபது நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது, ஆம்புலன்ஸும் நிற்கிறது, எனவே மேம்பாலம் வேண்டும். இதில் எல்லா வேட்பாளரும் ஒரே குரல். வேலை எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியை ரயில்வே கட்டும். இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் அணுகு சாலைகளை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்ட வேண்டும். பல ஊர்களில் நடுவில் ஒரு துண்டுப் பாலம் மட்டும் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அணுகு சாலைக்கான நில எடுப்பு முடியாததுதான் பெரும்பாலும் காரணம். அந்த நிலம் எது? கேட்டை ஒட்டிய கடைத்தெரு. பாலம் வந்தால் சில கடைகள் இடிபடும். மிச்சக் கடைகள் பாலத்துக்குக் கீழே இருட்டில் போய்விடும். வியாபாரிகள் எதிர்ப்பார்கள், அதில் தப்பும் இல்லை.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ‘பாலம் வருமா’ என்பதல்ல. பாதை எந்தப் பக்கம் போகும், கீழே சர்வீஸ் ரோடு எத்தனை அடி, வாடகைக்குக் கடை வைத்திருப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பவைதான். கட்டட உரிமையாளருக்கு இழப்பீடு வந்துவிடும், இருபது வருடமாக அங்கே வாடகைக்கு இருக்கும் டீக்கடைக்காரர் கதை வேறு. இன்னொரு வேட்பாளர் பாலமே வேண்டாம், சுரங்கப்பாதை போதும் என்பார். செலவு குறைவு, நிலமும் அதிகம் தேவையில்லை. ஆனால் மழைக்காலத்தில் அதற்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், மோட்டார் வைத்து இறைப்பது யார் என்று நகராட்சியும் ரயில்வேயும் மாற்றி மாற்றிக் கை காட்டும். பாலம், சுரங்கப்பாதை என்று இரண்டு பேர் பிரிந்தால் அது உண்மையான வேறுபாடு. இரண்டு பேரும் ‘கேட் பிரச்சினையைத் தீர்ப்பேன்’ என்றால் வேறுபாடே இல்லை.

இதைவிடக் கூர்மையான விவகாரம் ஒன்று அண்மையில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கிளம்பியது: கிராம ஊராட்சிகளை நகராட்சியோடோ மாநகராட்சியோடோ இணைப்பது. 2025 தொடக்கத்தில் அரசு இதற்கான அறிவிப்புகளை வெளியிட்டதும் பல இடங்களில் கலெக்டர் அலுவலகத்துக்கு மக்கள் மனுவோடு வந்தார்கள். நூறு நாள் வேலை என்று எல்லோரும் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் நகர எல்லைக்குள் கிடையாது. அதை நம்பியிருக்கும் பெண்களுக்கு ‘உங்கள் ஊர் நகரமாகிறது’ என்பது கூலி போகிற செய்தி. வீட்டுவரி, தண்ணீர்வரி உயரும் என்ற பயமும் உண்டு. மறுபக்கம், ஊரின் ஓரத்தில் பிளாட் வாங்கி வீடு கட்டியவர்களுக்குத் தெருவிளக்கும் குப்பை வண்டியும் சாக்கடையும் வேண்டும். ஊராட்சியின் வருமானத்தில் அது நடக்காது. மனை வைத்திருப்பவர்களுக்கு விலை ஏறும் என்ற கணக்கு வேறு.

ஒரே ஊராட்சிக்குள் பழைய தெருக்களும் புது நகர்களும் எதிரெதிராக நிற்கும் விஷயம் இது. முடிவு மாநில அரசின் கையில் இருக்கிறது. எனவே எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் கேட்க இதைவிடப் பொருத்தமான கேள்வி அபூர்வம். ஆனால் பிரச்சாரத்தில் இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுவார்கள். பழைய தெருவில் ‘இணைப்பை நிறுத்துவேன்’, புது நகரில் ‘எல்லா வசதியும் வரும்’ என்று ஒருவரே இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்லலாம். இப்போது கையில் போன் இருக்கிறது, பேச்சைப் பதிவு செய்துவிடுகிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

டாஸ்மாக் கடையும் இப்படித்தான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விதிப்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கோவிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரக் கடைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் 2017இல் ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டு, மாற்று இடம் தேடி ஊருக்குள் வரப் பார்த்தன. பெண்கள் மறியலில் இறங்கினார்கள். ‘கடையை எடுப்பேன்’ என்கிற வேட்பாளரிடம், மூடுவீர்களா, அடுத்த வார்டுக்குத் தள்ளுவீர்களா என்று கூடுதலாக ஒரு வார்த்தை கேட்டாலே போதும்.

சரி, கேள்வி சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த வேலை எம்.எல்.ஏ.வுடையதுதானா? தெருவிளக்கு, குப்பை, சாக்கடை அடைப்பு எல்லாம் உள்ளாட்சியின் வேலை. சுங்கச்சாவடியும் தேசிய நெடுஞ்சாலையும் ரயிலும் ஒன்றிய அரசுடையவை. நடுவில் இருப்பதுதான் சட்டமன்றத்தின் வேலை: பாசனம், மாநிலச் சாலைகள், அரசுப் பேருந்து, ஆஸ்பத்திரி, பள்ளி, போலீஸ், கனிமக் குவாரி உரிமம், நில எடுப்பு, உள்ளாட்சி எல்லை. ஆனால் தமிழ்நாட்டில் சாக்கடை அடைத்தாலும் எம்.எல்.ஏ.வைத் தேடும் பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 2016இல் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகப் பகுதிகளில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2019இல் வென்றவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். கவுன்சிலரே இல்லாத ஊரில் மக்கள் யாரிடம் போவார்கள்?

எம்.எல்.ஏ. கையில் நேரடியாக இருக்கும் பணம் தொகுதி மேம்பாட்டு நிதி. வருடத்துக்கு 3 கோடி ரூபாய். அவர் பரிந்துரைப்பார், அனுமதி கொடுப்பது கலெக்டர். 2021 தேர்தலில் மாநிலத்தில் ஏறக்குறைய 6 கோடியே 28 லட்சம் வாக்காளர்கள். 234 தொகுதிக்கு வகுத்தால் சராசரியாகத் தொகுதிக்கு 2 லட்சத்து 68 ஆயிரம் பேர். அந்த 3 கோடியைத் தலைக்குப் பிரித்தால் வருடத்துக்கு 110 ரூபாய் சொச்சம். நிழற்குடை, வகுப்பறை, மேல்நிலைத் தொட்டி, உயர்கோபுர விளக்கு, இவற்றோடு அது தீர்ந்துவிடும். நூறு கோடி ரூபாய்த் திட்டத்தை ‘என் சொந்த முயற்சியில் கொண்டு வருவேன்’ என்கிற துண்டறிக்கையைப் படிக்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருந்தால் நல்லது. பெரிய வேலை எதுவானாலும் துறையின் பட்ஜெட்டுக்குள் நுழைய வேண்டும். அதற்கு அமைச்சரை நச்சரிக்க வேண்டும், துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச வேண்டும், கேள்வி போட வேண்டும். அவையில் அமைச்சர் ‘செய்து தருகிறோம்’ என்று சொல்லிவிட்டால் அப்படிச் சொன்னவை நடந்தனவா என்று பார்க்கும் சட்டமன்ற உறுதிமொழிக் குழுவின் கணக்கில் அது ஏறும். வருடக்கணக்கில் அங்கேயே கிடப்பதும் உண்டு என்பது வேறு.

ஒன்றிய அரசின் விவகாரம் என்று சொல்லி ஒதுங்குகிற வேட்பாளரையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. பரந்தூர் விமான நிலையத்துக்கு அனுமதி தருவது ஒன்றிய அரசு. ஆனால் நிலத்தை எடுப்பது மாநில அரசு. அங்கே நிலம் இழக்க வேண்டிய ஏகனாபுரத்தின் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டவர்கள் கேட்பது அந்த நிலத்தைப் பற்றித்தான். அங்கே நிற்கும் வேட்பாளர் ‘விமான நிலையம் டெல்லி சமாச்சாரம்’ என்றால், நில எடுப்பைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று திருப்பிக் கேட்க இடமிருக்கிறது.

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் நடந்த டங்ஸ்டன் சுரங்கக் கதை இதில் இன்னொரு பாடம். நாயக்கர்பட்டி சுரங்கப் பகுதியை ஏலம் எடுத்த நிறுவனத்தின் பெயர் 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் அரிட்டாபட்டியும் வந்தது. 2022இல் மாநில அரசே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் அது. ஊர் ஊராகப் போராட்டம். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, அதிமுகவும் ஆதரித்தது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சட்டமன்றத் தீர்மானத்துக்கு ஏலத்தை நிறுத்தும் சட்ட வலு கிடையாது, அரசியல் கனம் உண்டு.

முடிவில் பார்த்தால் எல்லாக் கட்சியும் ஒரே பக்கம். அந்தக் கடைசி நாள் படத்தை வைத்து ஒப்பிட்டால் எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு. தேதிகளை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். முக்கியக் கனிமங்களின் ஏல அதிகாரத்தை ஒன்றிய அரசிடம் கொடுத்த 2023 சட்டத் திருத்தத்தின்போது எந்தக் கட்சி நாடாளுமன்றத்தில் என்ன சொன்னது? அந்த ஆண்டு அக்டோபரிலேயே எதிர்த்துக் கடிதம் எழுதினோம் என்றது மாநில அரசு. 2024 பிப்ரவரியில் ஏலம் தொடங்கியதிலிருந்து நவம்பர் வரை இந்த இடத்தைப் பற்றி எதிர்ப்பே வரவில்லை என்றது ஒன்றிய அரசு. இருபது பேர் மனுவோடு நின்றபோது கூட நின்றவரும், இருபதாயிரம் பேர் நடக்கத் தொடங்கிய பிறகு மைக் பிடித்தவரும் துண்டறிக்கையில் ஒரே வரியைத்தான் எழுதுவார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் மாதத்தையும் வருடத்தையும் குறித்து வைப்பது வாக்காளரின் வேலை.

காலம் எவ்வளவு நீளமாக ஓடும் என்பதற்கு அத்திக்கடவு–அவினாசித் திட்டம். அறுபது வருடக் கோரிக்கை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் அதைச் சொல்லாத தேர்தலே இல்லை எனலாம். ‘அத்திக்கடவைக் கொண்டு வருவோம்’ என்ற வாக்கியம் மாறவே இல்லை, உள்ளே இருந்த திட்டம் மாறியது. மேலேயிருந்து வாய்க்கால் வழியாகத் தானாகவே ஓடி வரும் தண்ணீர் என்பது பழைய கனவு. கடைசியில் கட்டியது, பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை மோட்டார் வைத்து இறைத்து 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். பவானிப் பாசனத்துக்காரர்களுக்கு ‘உபரி’ என்ற ஒரு சொல்தான் உயிர். அந்தச் சொல் இல்லாவிட்டால் அவர்கள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். குளத்துப் பக்கத்து விவசாயிக்கோ, உபரி இல்லாத வருடத்தில் என்ன ஆகும் என்பது கேள்வி. 2019இல் அதிமுக ஆட்சி அடிக்கல் நாட்டியது, 2024 ஆகஸ்டில் திமுக ஆட்சி தொடங்கி வைத்தது. யார் கொண்டு வந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்தச் சண்டையைவிட, எந்தத் தண்ணீர், எப்போது, யாருக்கு மிஞ்சியது என்று அன்றைக்கே தெளிவாகச் சொன்ன வேட்பாளர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதில்தான் ஆர்வம்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரே தொகுதியின் எதிராளிகளை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, ஒரே கட்சி அடுத்தடுத்த தொகுதிகளில் நிறுத்தியவர்களை ஒப்பிடுங்கள். திருப்பூர் சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அடுத்த மூன்றாவது மாதம் சட்டமன்றத் தேர்தல். திருப்பூருக்குள் நிற்பவருக்குப் பட்டறை திறக்க வேண்டும், அதில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் சம்பளம் இருக்கிறது. நொய்யல் ஆற்றில் கீழே ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் ஓட்டுக் கேட்பவருக்குச் சாயத் தண்ணீர் வரக் கூடாது. இரண்டு பேரும் ஒரே கொடியோடு போனால், அந்தக் கட்சியின் உண்மையான கொள்கை எது? ஆற்றின் மேலே ஒன்று, கீழே ஒன்று என்றால், ஜெயித்த பிறகு யார் பேச்சு எடுபடும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஏரி, கால்வாய், குப்பைக் கிடங்கு, குவாரி, எதற்கும் இந்தச் சோதனை பொருந்தும். கழிவு எங்கே கிளம்புகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்து இரண்டு முனையிலும் காதை வைத்தால் போதும்.

கட்சி என்று வந்துவிட்டதால், அவையில் எப்படி வாக்களிப்பது என்று தன் கட்சிக்காரர்களுக்கு உத்தரவிடும் கொறடாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி அவையில் வாக்களித்தால் பதவி போய்விடும். அதனால் ‘மக்களுக்கு எதிரான மசோதா வந்தால் என் கட்சியே கொண்டு வந்தாலும் எதிர்த்து ஓட்டுப் போடுவேன்’ என்ற வீரப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கேள்வி கேட்பதற்கும், கவன ஈர்ப்புக் கொண்டு வருவதற்கும், கட்சிக் கூட்டத்தில் சண்டை போடுவதற்கும் கொறடா தடை இல்லை. ஏற்கெனவே எம்.எல்.ஏ.வாக இருந்தவர் மறுபடி நின்றால், ஐந்து வருடத்தில் அவர் அவையில் என்ன கேட்டார் என்பது பதிவில் இருக்கிறது.

இன்னொரு ஆவணமும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்ட நாளாகத் தீராத முக்கியமான பத்துக் கோரிக்கைகளை எழுதி கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். 234 தொகுதிக்கும் ஆளுக்குப் பத்து. என்னைக் கேட்டால், எந்தத் துண்டறிக்கையையும்விட இது பயனுள்ள காகிதம். பத்துதான் எழுத முடியும் என்றால் பதினோராவதை விட வேண்டும். ஆக, அது தேர்வு. ஆஸ்பத்திரி முதலிலா, ஸ்டேடியம் முதலிலா என்பது அதில் தெரிந்துவிடும். இருந்தவர் கொடுத்த பட்டியலை எதிர்த்து நிற்பவரிடம் நீட்டி, ‘இதில் எந்த மூன்றை அடித்துவிட்டு வேறு எதை எழுதுவீர்கள்’ என்று கேட்டால், மேடையில் இருவருக்கும் வியர்க்கும்.

கட்சியின் தேர்தல் அறிக்கையில் இதெல்லாம் அகப்படாது. 2021இல் திமுக அறிக்கையில் மட்டும் 505 வாக்குறுதிகள். மாநிலம் முழுமைக்குமான அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் ரயில்வே கேட்டைத் தேடுவது வைக்கோற்போரில் குண்டூசி. வாக்குறுதிகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்றும் கோடிகாட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் சேர்த்திருக்கிறது, உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னதன் விளைவாக.  நேரமும் குறைவு. 2021இல் மனுக்களைத் திரும்பப் பெறும் கடைசி நாள் மார்ச் 22, பிரச்சாரம் ஏப்ரல் 4 அன்று முடிந்தது. களத்தில் யார் யார் என்று உறுதியானபின் இரண்டு வாரம்கூட இல்லை. தொகுதிக்குச் சராசரி 17 பேர்.

அந்தப் பதினேழில் பெரும்பாலோர் சுயேச்சைகள், சின்னக் கட்சிக்காரர்கள். ஒப்பீட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் அவர்களை முதலில் அடித்துவிடுகிறார்கள். ஜெயிக்கப் போவதில்லை என்பது சரிதான். ஆனால் உள்ளூர்ப் பிரச்சினையைச் சுற்றி வளைக்காமல் ‘இந்தக் குவாரியை மூடு’ என்று ஒரே வரியில் எழுதியவர் சில சமயம் அவர்களில்தான் இருப்பார். இழக்க எதுவும் இல்லாதவருக்கு நிலைப்பாடு எடுப்பது சுலபம். அந்த ஒரு வரியை எடுத்துப் பெரிய வேட்பாளர்கள் முன்னால் வைக்கலாம்.

ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் 1996இல் விவசாயிகள் இதை ஒரு எல்லைக்கே கொண்டுபோனார்கள். தங்கள் குறைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று காட்டக் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு சீட்டாக இல்லை, புத்தகமாக இருந்தது. தேர்தலையே தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. அந்த வருடமே சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏற்றினார்கள். இப்போது 10,000.